மீண்டும் படிக்க வருகிறவரின் ஒரு பக்கம்

படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, குடும்ப பாரத்தைச் சுமந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஜீவனத்துக்காக உழைத்து, பிள்ளைகள் ஒருவாறு தலையெடுத்த பின்னர் மறுபடியும் சர்வகலாசாலையின் வாசலை மிதிக்க விரும்பும் ஒருவருக்கு, பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுப்பதும், மாற்றுச் சான்றிதழின் நகலுக்காகப் படித்த பள்ளிக்கு நடையாய் நடப்பதும் பெரிய கஷ்டங்கள் அல்ல. 'இந்தப் படிப்பை எதற்காக நாடுகிறீர்கள்' என்று கேட்டு வெறுமையாக விடப்பட்டிருக்கும் ஒரு பக்கத்தை நிரப்புவதே பெருங்கஷ்டமாக முடிகிறது. 'எஸ்.ஓ.பி.' என்று மாணவர்கள் சுருக்கி வழங்கும் இந்தத் தன்விளக்கக் கட்டுரையை வெளிநாட்டுச் சர்வகலாசாலைகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. நம் நாட்டிலும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் சில நிறுவனங்கள் கேட்கின்றன. திருத்தணி வட்டாரத்தில் இவ்வாறு எழுதப்படும் நகல்கள் சில என் பார்வைக்கும் வருவதுண்டு. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: மீண்டும் படிக்க வருகிறவர், தாம் படிக்காதிருந்த ஆண்டுகளுக்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அந்த ஆண்டுகளே அவருடைய முதல் தகுதிப் பத்திரம்.

நகல்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். முதல் வகை கருணை மனு. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி, தந்தையின் மறைவு, தம்பி தங்கையரின் படிப்பு, அவசரமாக நடந்த கல்யாணம், பிரசவம், மாமியாரின் நோய் என்று துன்பங்களை வரிசைப்படுத்தி, வாய்ப்பளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதில் முடியும். சொன்னவை அத்தனையும் உண்மையே. ஆயினும் முழுவதையும் வாசித்த பின்பும், எழுதியவர் எந்தப் பாடத்தை ஏன் விரும்புகிறார் என்பது விளங்குவதில்லை. இரண்டாம் வகை பிரசஸ்தி, அதாவது புகழுரை. 'சிறு வயது முதலே இத்துறையில் தணியாத ஆர்வம்' என்று ஆரம்பித்து, எவருக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களாகவே அது ஓடும். பிறர் எழுதிக் கொடுத்ததையோ, இந்நாளில் கணினியைக் கேட்டுப் பெற்றதையோ பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

பிரசஸ்தி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1905-ஆம் ஆண்டு கிடைத்து, திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று சரித்திர ஆசிரியர்களால் போற்றப்படும் 31 ஏடுகள், முதலாம் இராஜேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரை எங்கள் வட்டாரத்துத் திருவாலங்காட்டுச் சிவாலயத்துக்கு வழங்கிய தானத்தைப் பதிவு செய்கின்றன. காரியம் ஓர் ஊரின் தானமே என்றாலும், சம்ஸ்கிருதப் பகுதி சூரியனிலிருந்து தொடங்கிச் சோழ வமிசாவளி முழுவதையும் சுலோகம் சுலோகமாகப் புகழ்ந்துகொண்டு வருகிறது. வமிசப் பெருமையே அதிகாரத்துக்கு ஆதாரமாயிருந்த அரசனுக்கு அது முற்றிலும் பொருந்தும். கிராமத்திலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு தாய்க்கோ, ஆலைத் தொழிலாளிக்கோ அந்த நடை இரவல் சட்டை.

இதே திருவாலங்காட்டில், செப்பேடுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வேறொரு வகை எழுத்தும் பிறந்திருக்கிறது. இல்வாழ்க்கையை முற்றும் துறந்து இத்தலத்துக்கு வந்தவராகச் சைவ உலகம் வணங்கும் காரைக்காலம்மையார், இங்கே ஆடும் பெருமானைப் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு நமக்குக் கிடைத்துள்ளன. மாங்கனி வந்த அதிசயமும், கணவன் பரமதத்தன் அஞ்சி விலகி வேறொரு பெண்ணை மணந்ததும், பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே இட்டதும், 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன வரலாறு. அம்மையார் தாமே பாடிய இந்தப் பதிகங்களில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை, தமக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிய ஒரு முறையீடும் இல்லை. இடுகாட்டின் முட்செடிகளையும் மரங்களையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பண்ணின் சுரங்களையும் வாத்தியங்களையும் ஒன்றொன்றாக எண்ணிக் காட்டுகிறார். பதிகத்தின் முடிவில் தாம் யார் என்பதைத் தம் வாயாலேயே சொல்லி முத்திரையிடுகிறார். பக்திப் பாடலைச் சர்வகலாசாலை விண்ணப்பத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால், வாழ்க்கையின் நடுவில் பாதை மாறிய ஒரு பெண், தாம் கண்டதையும் கற்றதையும் நாடுவதையும் கொண்டே தம்மை அறிமுகம் செய்துகொண்டார் என்னும் செய்தி, இவ்வூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பாடமாக வேண்டியது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், துர்காபாய் தேஷ்முக் அவர்களின் வாழ்க்கையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 1909-இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்து, பால்ய விவாகத்துக்கு உட்பட்டு, ஆங்கிலம் போதனாமொழியாக இருந்ததை எதிர்த்துச் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த அம்மையார், விடுதலையான பிறகு, இருபது வயதைக் கடந்த நிலையில், காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குத் தனித் தேர்வராகப் படித்துத் தேறினார். ஆந்திர சர்வகலாசாலையில் இடம் கேட்டபோது, பெண்களுக்கு விடுதி இல்லையே என்று துணைவேந்தர் தயங்கினார். அந்தத் துணைவேந்தர், 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் திருத்தணி தாலுகாவும் அடங்கியிருந்த சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. துர்காபாய் பத்திரிகையில் விளம்பரம் செய்து, படிக்க விரும்பும் பெண்களைத் திரட்டி, தாமே விடுதி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு இடத்தைப் பெற்றார். சிறையில் சந்தித்த ஏழைப் பெண் கைதிகளின் நிர்க்கதியைக் கண்டதே அவரைச் சட்டப் படிப்பின்பால் திருப்பியது. 1942-இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். தம்மைப் போலவே படிப்பை இழந்த பெண்களை மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்யச் சென்னையில் ஆந்திர மகிள சபையை வளர்த்தார். 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை அந்த வாரியம் 1958-இல் தொடங்கியது. பள்ளிக்கு வெளியே கழிந்த ஆண்டுகளில்தான் 'ஏன் படிக்க வேண்டும்' என்பதற்கான விடை அவருக்குக் கிடைத்தது.

அப்படிப்பட்ட விடை பெரிய மனிதர்களிடம் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. எங்கள் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் ஊக்குநராக இருக்கும் ஒரு பெண்மணி, பி.ஏ. இரண்டாம் ஆண்டில் விட்ட படிப்பை முடித்துப் பொருளாதாரம் பயில விரும்பி எழுதிய நகல், நான் மேலே சொன்ன கருணை மனுவாகவே இருந்தது. குழுவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் எடுத்து விரித்தார். உள்கடன் தவணை எந்தெந்த மாதங்களில் தவறுகிறது என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கரும்புக்குப் பணம் கைக்கு வரும் மாதங்களையும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையும் கணக்கில் கொண்டு தவணை நாளை மாற்றலாம் என்று குழுவில் பேசி, தீர்மானமாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். வருமானம் பருவத்தைப் பொறுத்து மாறும் கிராமத்தில் கடன் எவ்வாறு திரும்புகிறது என்னும் இந்த விஷயம் பொருளாதாரம் அல்லாமல் வேறென்ன? "இதெல்லாம் படிப்புல சேருமா ஐயா?" என்று அவர் கேட்டார். சேரும், அதுவே முதல் பத்தியாக வர வேண்டும் என்று நான் சொன்னேன்.

படிப்பு ஏன் நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தில் நேர்மையாகச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். எஞ்சிய இடமெல்லாம், கையால் செய்த ஒரு வேலை, அந்த வேலையில் விடை கிடைக்காமல் நின்ற ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு இந்தப் படிப்பில் எந்தப் பகுதி உதவும் என்னும் தேட்டம் ஆகிய மூன்றுக்கும் உரியது. இங்கிலாந்தில் சர்வகலாசாலை விண்ணப்பங்களுக்கெல்லாம் பொதுவாயில் போன்ற யூகாஸ் அமைப்பு, நெடுநாள் ஒரே நீண்ட கட்டுரையாகக் கேட்டு வந்ததை, 2026 சேர்க்கை முதல் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது: இந்தப் பாடம் ஏன், இதுவரை பயின்றது எவ்விதம் உங்களைத் தயார் செய்தது, கல்விக்கூடத்துக்கு வெளியே செய்தவை எவை, அவற்றால் என்ன பயன். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகளே இடம். மூன்றாவது கேள்வி, திரும்பி வரும் மாணவர் தலைநிமிர்ந்து விடையளிக்கத்தக்கது.

நம் சர்வகலாசாலைகளின் விண்ணப்பப் படிவங்களிலோ பிறந்த தேதிக்கும் மதிப்பெண்ணுக்கும் சான்றிதழ் எண்ணுக்கும் கட்டங்கள் உண்டே தவிர, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒரு கட்டம் காண்பது அரிது. மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொண்டதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகம் நீக்கியது, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத கிராமத்துப் பிள்ளைகளின் நலனை முன்னிட்டே. கட்டுரைக்கு மதிப்பெண் தரத் தொடங்கினால் நல்ல ஆங்கிலமும் சிபாரிசும் உள்ளவர்களே முந்துவார்கள் என்று அஞ்சுவோரின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆகையால், பள்ளியிலிருந்து நேரே வரும் பிள்ளைகளின் தரவரிசையையோ இடஒதுக்கீட்டையோ தொடாமல், 25 வயதைக் கடந்து திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தன்விளக்கக் கட்டுரையை ஏற்படுத்தலாம் என்பதே என் யோசனை. அவர்கள் ஒரு பக்கம் எழுதட்டும். பெயரும் ஊரும் மறைத்து இரண்டு ஆசிரியர்கள் படிக்கட்டும். 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைக் கல்வியிலும் இந்தப் பக்கம் எவரையும் விலக்குவதற்குப் பயன்படாமல், வந்தவருக்கு எந்தப் பாடம் ஏற்றது, எந்த இடத்தில் துணை தேவை என்பதை ஆசிரியர் அறிந்துகொள்ளப் பயன்படட்டும்.

அந்தப் பக்கம் தாய்மொழியில் எழுதப்பட வேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் எல்லைப் பிரதேசத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளர்ந்தோர் அநேகர். ஆங்கிலத்தில் எழுது என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும்போது, அவர்கள் இன்னொருவரை எழுதச் சொல்லுகிறார்கள். அந்த இன்னொருவருக்குத் தெரிந்ததெல்லாம் மனுவும் பிரசஸ்தியும்தான். தமிழிலோ தெலுங்கிலோ எழுத விட்டால், தவணைக் கணக்கைப் பற்றி அந்தப் பெண்மணி பேசியவாறே எழுதுவார். வாசிக்கும் ஆசிரியர் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றித் தாமும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்வார்.

வருகிற கல்வியாண்டில் விண்ணப்பிக்க நினைப்போருக்கு என் வேண்டுகோள் இதுவே. 'இந்த வயசுல எதுக்குப் படிப்பு' என்று ஊரார் கேட்பதும், 'ஏன் இந்தப் படிப்பு' என்று சர்வகலாசாலை கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். ஊராருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. சர்வகலாசாலையின் கேள்விக்கு உங்களைத் தவிர வேறெவரும் பதில் எழுத முடியாது. நீங்கள் செய்த வேலையின் பெயரைச் சொல்லி, அதில் கண்டதைச் சொல்லி, கற்க வேண்டியதைச் சொல்லி எழுதுங்கள். அப்படி எழுதி அனுப்பப்படும் பக்கத்தைப் படித்து மதிக்கும் ஆசிரியர்களை நியமிப்பது சர்வகலாசாலைகளின் கடமை. அந்தக் கடமையை அவற்றுக்கு நினைவூட்டுவது அரசாங்கத்தின் கடமை.