பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

டில்லியில் தமிழ்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கும். "எய்ம்ஸில் யாரையாவது தெரியுமா?" என்பது முதல் கேள்வி. "குர்காவ்ன் பக்கம் போனால் பில் எவ்வளவு வரும்?" என்பது அடுத்தது. "உங்கள் தெருவில் நல்ல டாக்டர் யார்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வியாதியே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

ஊரில் நமக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். அப்பாவின் சர்க்கரை, பாட்டியின் இழுப்பு, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. அதை நம்பும் தைரியம் நமக்கும் இருந்தது. பிழைப்புக்கு ரயிலேறியபோது அவரை விட்டுவிட்டு வந்தோம். இங்கே தலைவலி என்றால் நேராக நரம்பியல் நிபுணர், முதுகு வலித்தால் எலும்பு நிபுணர். நம்மை முன்பின் பார்த்திராத மனிதர், பார்த்தவுடன் "ஒண்ணுமில்லை" என்று எப்படிச் சொல்வார்? ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

அதற்காக மொத்தப் பழியையும் நோயாளி தலையில் கட்ட முடியாது. ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டால் அது எப்படியாவது நிரம்பிவிடும் என்று 1950களின் கடைசியிலேயே அமெரிக்காவில் மில்டன் ரோமர் கவனித்துச் சொன்னார். மளிகைக் கடையில் என்ன வேண்டும் என்று வாங்குகிறவர் முடிவு செய்கிறார். ஆஸ்பத்திரியில் விற்கிறவரே முடிவு செய்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

பிரசவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 14.3 சதவீதம் சிசேரியன், தனியாரில் 47.4. நம் தமிழ்நாட்டில் அரசில் 36, தனியாரில் 63.8! சிக்கலான கேஸ்கள் பல கடைசியில் வந்து சேர்வது அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அப்படியும் இந்தக் கணக்கு. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. நல்ல நேரம் பார்த்து, டாக்டர் கையில் தேதி எழுதிக் கொடுக்கிறவர்களும் நம்மில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? "கட்டணத்தை ஏற்று, கூட்டம் தானாகக் குறையும்" என்பார்கள் சிலர். 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. கையிலிருந்து காசு கொடுக்கச் சொன்னபோது மக்கள் தேவையில்லாத வைத்தியத்தைக் குறைத்தார்கள். தேவையான வைத்தியத்தையும் அதே அளவு குறைத்தார்கள். எது தேவை என்று நோயாளிக்குத் தெரிந்தால் அவர் ஏன் டாக்டரிடம் வருகிறார்?

விலைக்கு உச்சவரம்பு? 2017ல் இதய ஸ்டென்ட்டுக்கு வைத்தார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் ஸ்டென்ட் வேண்டுமா, வேண்டாமா என்பதை விலைப்பட்டியல் சொல்லாது.

வழி, வாசலை ஒழுங்கு செய்வதில் இருக்கிறது. டில்லியில் 1954ல் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் முதலில் பேட்டை டிஸ்பென்சரி, அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்தார்கள். ஆர்.கே.புரத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த டிஸ்பென்சரி வரிசையைத் திட்டிக்கொண்டே நினைவுகூர்வார்கள். மதுரை அரவிந்த் இதையே இன்னும் அழகாகச் செய்கிறது. கிராமத்துக் கண் மையத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிக்கிறார்கள், ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் பார்க்கிறார், தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறுகிறார். கூட்டமும் குறைகிறது, ஏழைக்கு ஒருநாள் கூலியும் மிச்சம்.

பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். டாக்டரின் வருமானத்தை அவர் எழுதும் டெஸ்ட் எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். வெளியே எடுத்த ரிப்போர்ட் சரியாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லாதீர்கள். சிசேரியன் சதவீதத்தை வாசலில் எழுதிப் போடுங்கள்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். நம் பங்குக்கு, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு பொது மருத்துவரைப் பிடித்து வையுங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போடுங்கள். பெரிய டெஸ்ட் எழுதினால், "இதன் முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாறாது என்றால் அந்த டெஸ்ட் எதற்கு?

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, கை கால் இழுப்பது என்றால் எந்தத் தெரு டாக்டரையும் தேட வேண்டாம், நேரே எமர்ஜென்சி. அன்றைக்கு அந்தக் கட்டில் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.