ஜிலேபி பெருக்கத்துக்கு விரால் தீர்வாகுமா?

மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகளில் மீன் வளர்ப்பு பரவிவருகிறது. கூடவே ஒரு குறையும் கேட்கிறது: வலை வீசினால் ஜிலேபி குவிகிறது, ஆனால் உள்ளங்கை அளவைத் தாண்டுவதில்லை, விலையும் இல்லை. தீவனத்தைக் கூட்டும் முன் மீன்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 1952-ல் இந்தியாவுக்கு வந்த இம்மீன், 2–3 மாதத்திலேயே பருவமடைந்து ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும். இருக்கும் இரையை எல்லாம் பங்கிட்டால் எதுவும் பெருக்காது.

விரால் இந்தக் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் குறைக்கும். மிஞ்சியவை எடை கூடும். ஆனால் அளவு தவறினால் நஷ்டம்தான். வளர்ப்பு மீன்களைவிடச் சிறிய விராலையே விடுங்கள். பெரிய விரால், காசு கொடுத்து வாங்கிய கட்லா, ரோகு விரலிகளையும் விழுங்கிவிடும். வளர்ந்த ஜிலேபியை விராலால் குறைக்க முடியாது. அதை அடிக்கடி வலையிட்டுப் பிடிக்க வேண்டும். மழையில் விரால் கரையேறித் தப்பும் என்பதால் சுற்றிலும் வலை கட்டுவது அவசியம்.

விரால் குஞ்சு விலை அதிகம் என்று, தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கிவிடாதீர்கள். கோடையில் குட்டை வற்றும்போதே ஜிலேபியை முழுதும் அகற்றி, நீர் வரும் வழியில் சல்லடை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.