பிள்ளைகள் தீட்டிய நிலப்படம்

புவியியல் பாடத்திற்காக உங்கள் மகனோ மகளோ ஊரைச் சுற்றி ஆய்ந்து வரும்போது, அது வெறும் மதிப்பெண்ணுக்கான வேலை என்று எண்ணிவிடாதீர்கள்.

1930-களில் பிரிட்டனின் நிலப்பயன்பாட்டை அறிய, பேராசிரியர் டட்லி ஸ்டாம்ப் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் களமிறங்கினர். வயல் வயலாக நடந்து, மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவுடைய வரைபடத்தில் கண்டதைக் குறித்தனர். அக்குறிப்புகள் பின்னர் வண்ணப் படங்களாக வெளிவந்தன: உழுநிலம் பழுப்பு, காடு கரும்பச்சை, புல்வெளி இளம்பச்சை, விளையா நிலம் சிவப்பு. 1939-இல் போர் மூண்டு உணவு இறக்குமதி நெருக்கடிக்குள்ளானபோது, எந்நிலத்தைப் புதிதாக உழலாம் எனத் திட்டமிட அப்படங்கள் கைகொடுத்தன.

கண்டதைப் பிறருக்கு விளங்கும்படி சொன்னதால்தான் அந்த உழைப்பு பயன்பட்டது. ஆகவே உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: நீ எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? எங்கே, எப்போது, எவ்வாறு கணக்கிட்டாய்? படத்தில் தலைப்பு, திசை, அளவுகோல், குறிவிளக்கம் உள்ளனவா? முடிவு உன் கணக்கிலிருந்தே பிறக்கிறதா? எதிர்பார்ப்புக்கு மாறான எண்ணை மறைக்காமல் எழுதினாயா?

இறுதிக் கேள்வியே தலையாயது. களத்தில் எண்ணிய எண்ணும் ஓர் அமானிதமே. தவறான ஒரு வண்ணம், விளையும் வயலையும் விளையா நிலமெனக் காட்டிவிடும்.