தொட்டிக்குள் ஒரு கடல்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழ்வோர்க்குக் கடற்கரை நடக்கும் தொலைவில்தான் உள்ளது. ஆயினும் அலைக்கு அடியில் வாழும் உயிர்களைக் காண்பது அரிது. அந்த ஏக்கமே வீட்டினுள் கடல்நீர்த் தொட்டி அமைக்கத் தூண்டுகிறது. அதிலும் பெரிய மீன், உணவிடுபவரை அறிந்து கண்ணாடியருகே வந்து நிற்கும்போது மனம் அதனிடம் சிறைப்படுகிறது. இவ்விருப்பம் பழிக்கத்தக்கதன்று, ஆயின், அதன் விலையை மீனே செலுத்துகிறது.

'எம்பரர் ஏஞ்சல்' என்னும் மீன் இளமையில் கருநீல உடலும் வெண்வளையங்களுமாக உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தபின் மஞ்சள், நீலக் கோடுகளுடன் ஏறத்தாழ 40 செ.மீ. நீளம் எய்தும். நான்கடித் தொட்டியோ அதன் உடல்நீளத்தைப் போல மும்மடங்கே. மீன் பெருக்கக் கழிவும் பெருகும். கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நீரை நஞ்சாக்கும். மின்சாரம் நீண்டநேரம் தடைப்பட்டால் நீரில் உயிர்வளியும் குறையும்.

பெரிய மீனைக் காணும் ஆசைக்குச் சென்னை முன்பே வழி கண்டது. 1909ஆம் ஆண்டு மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல், ஒரு வீட்டால் தாங்க இயலாததை நகரம் தாங்கியது. பெரிய மீன்களுக்கு, அகன்ற தொட்டிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் உடைய பொதுக் காட்சியகமே தகும். வீட்டில் வளர்க்க விழைவோர்க்கு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இனப்பெருக்கம் செய்வித்துள்ள கோமாளி மீன் போன்ற சிறுமீன்கள் உண்டு.

மீனை வாங்குமுன், அது முழுதாய் வளர்ந்தபின் வேண்டும் இடத்தைக் கணக்கிடுவதே அதன் அழகை விரும்புவோரின் முதற்கடமை.