கோளாறு லேடெக்கில் இல்லை, கட்டளையில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புரோகிராம் மக்கர் செய்தாலும் உடனே அதை அன்-இன்ஸ்டால் செய்து, மறுபடியும் இன்ஸ்டால் செய்வார்கள். சில சமயம் பலன் கிடைக்கும். ஆனால் லேடெக் பைல்களில் வரும் ஒரு வகைக் கோளாறுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

என் உறவினர் மகன் கல்லூரியில் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் தன் புராஜக்ட் ரிப்போர்ட்டை லேடெக்கில் தயாரித்தான். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே பைலை இயக்கினால் ஒரு படம்கூட வரவில்லை. இரண்டு முறை லேடெக்கை இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தான்.

டொனால்டு நூத் 1978-ல் வெளியிட்ட டெக் புரோகிராமும், அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேடெக்கும் பக்கங்களை அழகாக அமைத்துத் தருபவை. ஒரு படத்தை வேறு பார்மட்டுக்கு மாற்றுவது அவற்றின் வேலை அல்ல. அது தேவைப்பட்டால் 'ரைட்18' என்ற கட்டளை மூலம், "இந்தப் புரோகிராமை இயக்கிக் கொடு" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். அந்தப் புரோகிராம் எது, சரியானதுதானா என்றெல்லாம் டெக் பார்ப்பதில்லை.

சிக்கல் இங்கேதான். பையனின் பைலில் 'கன்வர்ட்' என்று இருந்தது. லினக்ஸில் அது படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் புரோகிராம். விண்டோஸிலோ அதே பெயரில் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் பைல் சிஸ்டத்தை பேட் முறையிலிருந்து என்டிஎப்எஸ் முறைக்கு மாற்றுவது அதன் வேலை! அதனிடம் படத்தின் பெயரைக் கொடுத்தால், "டிரைவ் பெயர் தவறு" என்றுதான் சொல்லும். இமேஜ்மேஜிக்கின் 7-ஆம் பதிப்பில் இதற்காக 'மேஜிக்' என்ற பெயர் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பதிப்பு இருந்ததால், அந்த ஒரு சொல்லை மாற்றியதும் படங்கள் வந்துவிட்டன.

இதே போல, பைலை அழிக்க லினக்ஸில் 'ஆர்எம்', விண்டோஸில் 'டெல்'. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸ் பொதுவாக அதைப் பார்ப்பதில்லை. ஒற்றை மேற்கோள் குறியை லினக்ஸ் ஏற்கும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட் ஏற்காது.

எனவே முதலில் லாக் பைலைத் திறந்து 'ரன்சிஸ்டம்' என்ற வரியைத் தேடுங்கள். லேடெக் கேட்ட கட்டளை அதில் இருக்கும். அதற்கு அனுமதி கிடைத்ததா, தடுக்கப்பட்டதா என்றும் தெரியும். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் அதே போல்டருக்குச் சென்று, அந்தக் கட்டளையை நீங்களே டைப் செய்து என்டர் தட்டுங்கள். உண்மையான பிழைச் செய்தி அங்கே வரும்.

"ஷெல்-எஸ்கேப் சேர்த்து இயக்கு, சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். டெக்லைவ் 2010 முதல், பட்டியலில் உள்ள சில பாதுகாப்பான புரோகிராம்களை மட்டுமே தானாக அனுமதிக்கிறது. முழு அனுமதி கொடுத்தால், முன்பின் தெரியாதவர் தந்த பைல்கூட உங்கள் போட்டோக்களை அழித்துவிடலாம். நீங்களே எழுதிய பைலுக்கு மட்டும், தேவைப்படும்போது கொடுங்கள்.

பைல் எழுதிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த வெளிப் புரோகிராம் தேவை என்பதை முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். அதைவிட நல்லது, படங்களை முன்கூட்டியே பிடிஎப் அல்லது பிஎன்ஜி ஆக மாற்றி பைலுடன் சேர்த்துக் கொடுப்பது. கட்டளையே இல்லாவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் அது தவறப் போவதில்லை.