பந்து உள்ளே புகாதிருந்தால்

முடிந்துபோன இறுதி ஆட்டங்களை மனத்திற்குள் மீண்டும் ஆடிப் பார்ப்பது கால்பந்துச் சுவைஞர்க்கு இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயினும் அக்கற்பனையில் நீதி வேண்டுமன்றோ?

2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் பத்தோர்தா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம். முடியச் சில நிமிடங்களே இருக்கையில் கோவா அணி 2–1 என முந்தி நின்றது. அப்போது கோவாவின் கோல் காப்பாளர் கட்டிமணியின் மேல் பட்டே பந்து வலைக்குள் புகுந்தது. அடுத்து மெண்டோசா அடித்த கோலால் சென்னையின் எப்.சி. 3–2 என வென்றது. நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், 'அவர் மட்டும் பிடித்திருந்தால்' என்று பேசும் நாம், அதே ஆட்டத்தில் அவர் பெனால்டி உதையைத் தடுத்ததை மறந்துவிடுகிறோம். அதை அவர் தடுக்காதிருந்தால் என்று கற்பனை செய்வார் எவருமிலர்!

பிரேசிலின் பர்போசாவுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்குச் சமநிலையே போதும். உருகுவேயின் கிஜியா 79ஆம் நிமிடத்தில் அடித்த கோல் 1–2 என அவ்வணியை வீழ்த்தியது. பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் பழியைக் கோல் காப்பாளர் ஒருவரே 2000இல் மறையும் வரை சுமந்தார். மாற்று வரலாறு எழுத விழையும் மாணவர்கள், கிஜியாவை ஓடவிட்ட பிரேசிலின் இடப்புறக் காவலிலிருந்து தொடங்கட்டும்.