பணத்துக்கு எல்லை இல்லை. சட்டத்துக்கு மட்டும் எல்லையா?

கம்ப்யூட்டர் திருட்டை ஒழிக்க உலக நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று சர்க்கார்களும் பாங்கு அதிபர்களும் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். ஒத்துழைப்பு வேண்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் யாருக்காக ஒத்துழைப்பு? எதைத் திறந்து காட்ட ஒத்துழைப்பு? பாங்கின் கணக்குப் புத்தகத்தையா, தொழிலாளியின் கடிதத்தையா? இதற்கு நேரான பதிலை நாம் கேட்கிறோம்.

நான்கு நாள் கொள்ளை

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேசத்தின் மத்திய பாங்கு தன் டாலர் கையிருப்பை நியூயார்க்கிலுள்ள பெடரல் ரிசர்வ் பாங்கில் போட்டு வைத்திருந்தது. டாக்காவில் அந்த மத்திய பாங்கின் கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருடர்கள், பாங்கே கேட்பதுபோல் 35 உத்தரவுகளை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர்! 30 உத்தரவுகள் நின்றுவிட்டன. ஐந்து தாண்டிப் போயின. அதில் இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகத்துக்கு உள்ளாகித் தப்பியது. மீதி 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. "நிறுத்து, நிறுத்து" என்று டாக்கா அலறியது, கேட்பதற்கு ஆளில்லை. செவ்வாய்க்கிழமை மணிலாவில் பாங்கு திறந்தது. நிறுத்தச் சொன்ன செய்தி வந்து கிடந்தது. ஆனாலும் பணம் வெளியேறியது. பிறகு சூதாட்ட விடுதிகளில் புகுந்து மறைந்தது. திருடனுக்கு விடுமுறை இல்லை, தோழர்களே! ஒத்துழைப்புக்குத்தான் விடுமுறை!

அது யார் பணம்?

பாங்கிலே டாலர் தானாக முளைப்பதில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மிஷின் முன் குனிந்து கிடக்கும் லட்சக்கணக்கான பெண்கள் தைத்த சட்டைகளால் வந்தது அது. அரபு நாடுகளின் வெயிலில் கல் சுமந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிய காசால் சேர்ந்தது அது. 2013-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அந்தத் தொழிலாளர் கூட்டத்தின் உழைப்பு அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று அங்கே ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 5,300 டாக்கா. களவு போனது ஏறத்தாழ 630 கோடி டாக்கா. ஒரு லட்சம் தொழிலாளர்களின் ஓராண்டுக் கூலி நான்கு நாளில் போய்விட்டது!

கதவைச் சாத்தியது யார்?

மணிலாவில் நாலு பொய்ப் பெயர்க் கணக்குகள் 2015 மே மாதமே ஆரம்பிக்கப்பட்டுக் காத்திருந்தன. செனட் சபை விசாரித்தபோது, பாங்கு அதிகாரிகள் 1955-ஆம் ஆண்டு பாங்கு ரகசியச் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொண்டார்கள். கறுப்புப் பணத் தடைச் சட்டமோ சூதாட்ட விடுதிகளைத் தொடவே இல்லை. 2017-ல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பாங்குக்கு 100 கோடி பெசோ அபராதம். 2019-ல் ஒரு கிளை மானேஜருக்குத் தண்டனை. 2016 முடிவதற்குள் டாக்காவுக்குத் திரும்பியதோ சுமார் ஒன்றரைக் கோடி டாலர்தான்!

"திருடன் வடகொரியாக்காரன்" என்று அமெரிக்கா 2018-ல் குற்றம் சாட்டியது. யார் திருடியிருந்தாலும் சரி. திருட்டுப் பொருளை ஒளித்துவைக்க இடம் கொடுத்தது எது? பணக்காரர்களின் ரகசியத்தைக் காக்க இயற்றப்பட்ட சட்டம்! இதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

புதிய ஒப்பந்தம்

2001-ல் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கா முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு புடாபெஸ்டில் ஓர் ஒப்பந்தம் செய்தன. எழுதும்போது நம்மைக் கூப்பிடவில்லையே என்று இந்தியா அதில் சேரவில்லை. பின்னர் 2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச் சபை ஓர் உலக ஒப்பந்தத்தை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வைத்தார்கள். 40 நாடுகள் உறுதி செய்தால் அமலுக்கு வரும் என்பது விதி.

அதில் நல்லது உண்டு. பாங்கு ரகசியம் என்று சொல்லி உதவியை மறுக்கக் கூடாது என்கிறது. இரவு பகல் 24 மணி நேரமும் பதில் சொல்ல ஒவ்வொரு நாடும் ஒரு தொடர்பு இடம் வைக்க வேண்டும் என்கிறது. வரவேற்கிறோம்!

ஆனால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. நாலு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்துக்கும் ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காரிடம் கம்ப்யூட்டர் தகவல்களைக் கேட்கலாம். கம்ப்யூட்டர் திருட்டாக இருக்க வேண்டியதில்லை! வேலைநிறுத்தத்துக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் கடும் தண்டனை எழுதி வைத்திருக்கும் சர்க்கார் இதை எப்படிப் பயன்படுத்தும்? "மனித உரிமையை நசுக்கக் கூடாது என்று 6-வது ஷரத்து சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது, வாஸ்தவம். அதைக் காவல் காப்பது யார்? பெரும்பகுதி அந்தந்த நாட்டுச் சட்டத்திடமே விடப்பட்டிருக்கிறது. வேலிக்குக் காவல் ஆடா?

நாம் கோருவது

தகவலைப் பிடித்து வைக்கும் அதே வேகத்தில் திருட்டுப் பணத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். பறிபோன பணம் ஏழை நாட்டுக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் முதலில் திரும்ப வேண்டும். அசட்டையாக இருந்த பாங்கு நஷ்டத்தைக் கட்ட வேண்டும். சங்கத்தின் கடிதப் போக்குவரத்தை உளவு பார்க்க இந்த ஒப்பந்தம் உதவக் கூடாது.

நம் ஊரிலும் போனில் பயமுறுத்திக் கூலிப் பணத்தைப் பறிக்கிறார்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். இதை ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுங்கள். சட்டத்தின் கண் உழைப்பவன் குடிசையை எட்டிப் பார்க்க வேண்டாம். பாங்கின் இரும்புப் பெட்டிக்குள் பார்க்கட்டும்!